இரண்டு பிள்ளைகளின் தாய் லண்டனுக்குப் படிக்கப் போனார்!

தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஸ்ரீவைகுண்டம். அங்கே ஒரு மண் கோட்டை இருந்தது. கோட்டைப் பிள்ளைமார் குடும்பங்கள் அதற்குள் வாழ்ந்தன. அந்த வீட்டுப் பெண்கள் கோட்டையை விட்டு வெளியே வரமாட்டார்கள். 20-ம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் இந்தக் கட்டுப்பாடு இருந்தது. பிறகு மறைந்தது.

மண் சுவர் அந்த ஊரில்தான். ஆனால், கண்ணுக்குத் தெரியாத சுவர் பெண்களைச் சுற்றி எல்லா ஊரிலும் இருந்தது. அதைத் தாண்டி வந்தவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

நடுவே ஒரு திரை

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், தாய் சந்திரம்மாள். பெரிய பெண் ஆனதும் பள்ளிக்கூடம் நின்றது. படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார்.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று பலர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். மாணவர்களுக்கும் அவருக்கும் நடுவே திரை போட்டுப் பாடம் நடந்தது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார்.

திருமணத்துக்கு நிபந்தனை

திருமணம் என்றதும் தயங்கினார். தாலி ஏறியதும் தொழில் போய்விடுமோ என்ற கவலை! தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று கேட்டார். டாக்டர் சுந்தர ரெட்டி சம்மதித்தார். 1914-ல் மணம் நடந்தது.

இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவர் ராம்மோகன், இளையவர் கிருஷ்ணமூர்த்தி. பிள்ளை வளர்ப்பும் வைத்தியமும் ஒன்றாக நடந்தன.

1925-ல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேலும் படிக்க, அரசாங்க உதவியுடன் லண்டன் புறப்பட்டார். பிள்ளைகளை விட்டுவிட்டா போனார்? இல்லை. கணவரும் இரண்டு பிள்ளைகளும் கூடவே கப்பல் ஏறினார்கள். அவர் படிப்பதற்காக ஒரு குடும்பமே கடல் கடந்தது!

பிள்ளையும் டாக்டர்

திரும்பி வந்ததும் சென்னை சட்டசபையில் உறுப்பினரானார். 1927-ல் அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். 1930-ல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை வரவேண்டும் என்று ஓயாமல் உழைத்தார். 1954-ல் அது நடக்கத் தொடங்கியது. அதை வளர்த்துப் பெரிதாக்கிய டாக்டர் யார்? தாயுடன் லண்டன் போன அந்தச் சின்னப் பையன் கிருஷ்ணமூர்த்திதான்!

1968-ல் அம்மையார் மறைந்தார்.

தாய் படித்ததால் பிள்ளைகள் கெட்டுப் போகவில்லை. பிள்ளைகள் இருந்ததால் தாயின் படிப்பும் நிற்கவில்லை. அம்மையாரின் உறுதி பெரிது. அந்த உறுதிக்குத் தோள் கொடுத்த கணவரின் துணையும் பெரிது.

இன்று ஸ்ரீவைகுண்டத்துப் பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். கைக்குழந்தை வந்த பிறகும் அவர்கள் புத்தகத்தை மூடாமல் இருக்க வேண்டுமா? தொட்டிலை ஆட்ட வீட்டில் இன்னொரு கை வேண்டும்!