விளையாட்டுப் பொருளைக் கைவிடாத தச்சர்

சில்லு, அச்சு, பற்சில்லு என்று சிறுசிறு பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்தி, திரும்பி ஓடும் காரையும் பாரம் தூக்கும் கிரேனையும் வீட்டு மேசையிலேயே கட்டி எழுப்புவது இன்று உலகெங்கும் பலருடைய பொழுதுபோக்கு. சிறுவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் இதில் ஈடுபடுகின்றனர். இதற்கு அடித்தளமிட்டவர் ஒரு பொறியியலாளர் அல்லர். கிராமத்துத் தச்சர் ஒருவர். அவர்தான் லெகோ நிறுவனத்தைத் தொடங்கிய ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன்.

1891 ஏப்ரல் 7ஆம் திகதி டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில் ஓர் எளிய குடும்பத்தில் அவர் பிறந்தார். தமையனிடம் தச்சுத்தொழில் பழகி, ஜேர்மனியிலும் நோர்வேயிலும் வேலை செய்தார். 1916இல் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஒரு மரவேலைப் பட்டறையை வாங்கினார். 1924இல் அவருடைய சிறு பிள்ளைகள் இருவர் மூட்டிய நெருப்பு மரச்சுருள்களில் பற்றி, பட்டறையையும் வீட்டையும் சாம்பலாக்கியது. அவர் மனமுடையவில்லை. முன்னதைவிடப் பெரிதாகக் கட்டினார்.

அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். அவரிடம் வேலை கொடுத்துவந்த விவசாயிகளின் கையில் பணமில்லை. 1932இல் மனைவியும் காலமானார். நான்கு ஆண் பிள்ளைகளுடன் தனித்து நின்ற அவர், ஏணி, ஆடை அழுத்தும் பலகை ஆகியவற்றோடு மர விளையாட்டுப் பொருட்களையும் செய்யத் தொடங்கினார். கடனுக்குப் பிணை நின்ற சகோதரர்கள், இதைவிடப் பயனுள்ள வேலை கிடைக்கவில்லையா என்று கேட்டனர். ஆனாலும் அவர் விளையாட்டுப் பொருட்களைக் கைவிடவில்லை. 1934இல் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார். நன்றாக விளையாடு எனப் பொருள்படும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது.

வீண்விரயம் அவருக்குப் பிடிக்காது. யோயோ மோகம் தணிந்து சரக்குத் தேங்கியபோது, அவற்றை இரண்டாகப் பிளந்து மர லொறிகளுக்குச் சில்லுகளாக்கினார். ஆனால் தரத்தில் சிக்கனம் பார்க்கமாட்டார். ஒருமுறை மகன் கொட்ஃபிரெட், மர வாத்துகளுக்கு மூன்று முறை பூச வேண்டிய வார்னிஷை இரண்டு முறையே பூசி அனுப்பிவிட்டு, பணம் மிச்சமானதென மகிழ்ச்சியுடன் வந்து சொன்னார். தந்தை உடனே அவரைப் புகையிரத நிலையத்துக்குத் திருப்பி அனுப்பி, பெட்டிகளை மீட்டுவந்து மூன்றாவது பூச்சையும் பூச வைத்தார்.

1942இல் தொழிற்சாலை மீண்டும் எரிந்தது. மீண்டும் கட்டினார். போருக்குப் பின், பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரமொன்றைப் பெரும் பணம் கொடுத்து வாங்கினார். பிரித்தானியரான ஹிலரி பேஜ் உருவாக்கிய கட்டையைப் பார்த்து, 1949இல் தாமும் பிளாஸ்டிக் கட்டைகளைத் தயாரித்தார். 1950களின் தொடக்கத்தில் வந்த பிளாஸ்டிக் உழவு இயந்திரம் நன்கு விற்பனையானது. ஆனால் கட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கவில்லை. உள்ளே குழாய் வைத்து அக்குறையைத் தீர்த்த வடிவத்துக்கு 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமை கோரப்பட்டது. சரியாக ஆறு வாரங்களில், மார்ச் 11ஆம் திகதி ஓலே கிர்க் மறைந்தார்.

அதன் பின் 1962இல் கட்டைகளுக்குச் சில்லு வந்தது. 1977இல் பற்சில்லுகளும் அச்சுகளும் கொண்ட தொகுதிகள் வெளியாகின. பிற்காலத்தில் இவையே டெக்னிக் எனப் பெயர்பெற்றன. 8 பற்கள் கொண்ட சில்லு மூன்று முறை சுழன்றால்தான் 24 பற்கள் கொண்ட சில்லு ஒரு முறை சுழலும். வேகம் குறைய, சுழற்றும் வலு கூடும். நாம் பௌதிகவியலில் படிக்கும் இந்த விதியை, மாதிரி வாகனம் கட்டும் பிள்ளை விரல்களாலேயே உணர்ந்துகொள்கிறது.

விளையாட்டால் என்ன பயன் என்ற கேள்வி நம் வீடுகளிலும் எழுகிறது. பெண் பிள்ளை ஸ்குரூ முடுக்கியைக் கையிலெடுத்தால் அது இன்னும் பலமாக எழுகிறது. பெற்றோர்களே, அந்தக் கேள்விக்கு ஓலே கிர்க் வாயால் பதில் சொல்லவில்லை, வாழ்ந்து காட்டினார். மாணவிகளே, யார் கண்ணிலும் படாத மூன்றாவது பூச்சை நாம் நம் வேலையில் பூசுகிறோமா என்பதை இனி நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

க.பொ.த. உயர்தர மாணவி