தாமஸ் டேனியல்

தாமஸ் டேனியல் (1749 – மார்ச் 19, 1840) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கைக் காட்சி ஓவியரும் செப்புத்தகட்டு அச்சு ஓவியரும் ஆவார். 1786 முதல் 1793 வரை தன் மாணவராக நடத்திய அண்ணன் மகன் வில்லியம் டேனியலுடன் இந்தியாவின் பெரும்பகுதியைச் சுற்றி நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். அவற்றிலிருந்து உருவான "ஓரியண்டல் சீனரி" என்ற 144 அச்சுப் படங்களின் தொகுப்பு இவருக்கு நிலைத்த புகழைத் தந்தது. இன்றைய தமிழ்நாட்டின் ஓசூர், இராயக்கோட்டை, வீரபத்திரதுர்க்கம், ஜெகதேவி ஆகிய இடங்களின் காட்சிகள் இத்தொகுப்பில் உள்ளன. ஒளிப்படக் கலை தோன்றுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னர் கிருட்டிணகிரிப் பகுதி எவ்வாறு காட்சியளித்தது என்பதை அறிய உதவும் மிகச் சில சான்றுகளுள் இவையும் அடங்கும்.

இளமையும் பயிற்சியும்

தாமஸ் டேனியல் இங்கிலாந்தில் தேம்சு ஆற்றங்கரையிலுள்ள கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் செர்ட்சி என்ற ஊரில் "சுவான்" என்னும் விடுதியை நடத்தி வந்தனர். ஓவியக் கல்விக்கு வசதியற்ற குடும்பமாதலால், குதிரை வண்டிகளுக்கு வண்ணம் பூசும் பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அக்காலத்துச் செல்வர்களின் வண்டிக் கதவுகளில் குலச்சின்னங்களையும் மலர்க் கொத்துகளையும் தீட்டுவது மதிப்புள்ள தொழிலாக இருந்தது. பின்னர் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் வண்டி ஓவியரான சார்லஸ் காட்டன் என்பவரிடம் பணியாற்றினார். 1773இல் இலண்டன் ராயல் அகாதமியின் பள்ளியில் சேர்ந்தார். அகாதமியின் கண்காட்சிகளில் மலர்களும் இயற்கைக் காட்சிகளும் கொண்ட ஓவியங்களை வைத்தார். ஆயினும் வாழ்க்கை நடத்தப் போதிய வருவாய் கிட்டவில்லை. கோடும் விளிம்பும் பிசகாமல் வரையும் பழக்கம் வண்டிப் பட்டறையில் இவருக்கு வாய்த்தது என்று கொள்வதில் தவறில்லை.

1779இல் அண்ணன் இறந்தபோது அவருடைய மகன் வில்லியமுக்கு (1769–1837) வயது பத்து. சிறுவனைத் தாமஸ் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு தொழில் கற்பித்தார். இவர் நடத்திய பள்ளி என்று தனியாக ஒன்றும் இல்லை. வீடு, கப்பல், கூடாரம், அச்சுப் பட்டறை ஆகியவையே மாறி மாறிப் பயிற்சிக் கூடமாக அமைந்தன.

இந்தியாவுக்கு வருகை

இந்தியா சென்று திரும்பிய வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியரின் படங்கள் அப்போது இலண்டனில் பேசப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குச் செல்லக் கம்பெனியின் அனுமதி தேவைப்பட்டது. 1784இல் செதுக்கோவியர் என்ற முறையில் அனுமதி பெற்ற தாமஸ், பதினாறு வயதே நிரம்பாத வில்லியமைத் துணையாளராக அழைத்துக்கொண்டு 1785 ஏப்ரலில் கப்பலேறினார். சீனா வழியாகச் சென்று 1786 தொடக்கத்தில் இருவரும் கல்கத்தாவை அடைந்தனர்.

கல்கத்தா நகரக் காட்சிகள் பன்னிரண்டை 1786க்கும் 1788க்கும் இடையில் அச்சிட்டு வெளியிட்டார். உள்ளூர்க் கைவினைஞர்களைப் பட்டறையில் அமர்த்திப் பழக்கினாலும், தகடு தயாரிப்பது முதல் அச்சிடுவது வரை பெரும்பாலும் தாமே செய்ய வேண்டியிருந்தது. படங்களின் தரம் இவருக்கு நிறைவளிக்கவில்லை. எனினும் அவற்றின் விற்பனையால் பயணச் செலவுக்குப் பணம் சேர்ந்தது.

1788 முதல் 1791 வரை கங்கைச் சமவெளியில் காசி, லக்னோ, ஆக்ரா, தில்லி வழியாக இமயமலை அடிவாரத்துக் கார்வால் பகுதியின் ஸ்ரீநகர் வரை சென்றனர். ஹாட்ஜஸ் வரைந்த இடங்களுக்குச் சென்று அவரது படத்தை நேரில் உள்ள கட்டடத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இவர்களது வழக்கம். ஹாட்ஜஸின் ஓவியங்களில் உணர்ச்சி மிகுதி. அளவுகள் பல இடங்களில் பிசகியவை. டேனியல்கள் அளவுச் செம்மையைத் தம் அடையாளமாக ஆக்கிக்கொண்டனர்.

வரையும் முறை

வில்லையும் கண்ணாடியும் கொண்டு எதிரிலுள்ள காட்சியைத் தாளின் மீது விழச்செய்யும் இருட்டறைப் பெட்டி என்ற கருவியை இவர்கள் பயன்படுத்தினர். அதன் உதவியால் கட்டடத்தின் விளிம்புகளைப் பென்சிலால் வரைந்துகொண்டு, நீர்த்த சாம்பல், பழுப்பு, நீல வண்ணங்களைப் பூச்சாக இடுவர். எந்த இடத்தில் எந்த நிறம் என்ற குறிப்புகளை ஓரத்தில் எழுதி வைப்பதும் உண்டு. கருவியில் விழும் காட்சியை அப்படியே வரைவது கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் ஏற்றது. மலைக்கும் மரத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஓவியரின் கண்ணே வேண்டும். எண்ணெய் வண்ணத்தைவிட விரைவில் உலர்வதும் எளிதில் எடுத்துச் செல்லத்தக்கதுமான நீர்வண்ணம் நாள்தோறும் இடம் மாறும் பயணிக்குப் பொருத்தமாக அமைந்தது.

ஓசூரும் பாராமகாலும்

இருவரும் 1792 மார்ச்சில் சென்னை வந்து சேர்ந்தனர். அதே மாதம் 18ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. மூன்றாம் மைசூர்ப் போரில் தோல்வியுற்ற திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். கிருட்டிணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. போர்ச் செய்திகளால் மைசூர் எல்லைப்புற மலைக்கோட்டைகளின் பெயர்கள் இங்கிலாந்து நாளிதழ்களில் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவ்விடங்களின் படங்களுக்கு வாங்குவோர் இருப்பர் என்பதைத் தாமஸ் அறிந்திருந்தார். ஏப்ரல் மாதம் பல்லக்குகள், மாட்டுவண்டிகள், பணியாளர்களுடன் இருவரும் சென்னையிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்டனர்.

இவர்கள் சென்ற பாதை படையெடுப்பு திறந்துவிட்ட பாதையாகும். ஓசூரையும் இராயக்கோட்டையையும் 1791 ஜூலையில் ஆங்கிலேயப் படை கைப்பற்றியது; இராயக்கோட்டையை வென்ற படைப்பிரிவு மேஜர் கௌடி தலைமையிலானது. அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கிருட்டிணகிரிக் கோட்டையைத் தாக்கித் தோல்வியுற்றுத் திரும்பினார். இவை நடந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் ஓவியர்கள் அங்கு வந்தனர்.

படங்களின் தலைப்புகளில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. ஓசூர்ப் படத்துக்கு மைசூர் நாட்டிலுள்ள ஓசூர் என்றும், அதற்குத் தென்கிழக்கே சிறிது தொலைவிலுள்ள இராயக்கோட்டைக்கும் வீரபத்திரதுர்க்கத்துக்கும் பாராமகாலைச் சேர்ந்தவை என்றும் பெயரிட்டுள்ளனர். இது தற்செயலானதன்று. 1792 உடன்படிக்கை மலைத்தொடருக்குக் கீழுள்ள பாராமகாலைக் கம்பெனிக்குத் தந்தது. மேட்டு நிலத்திலுள்ள ஓசூர் திப்புவின் ஆட்சியிலேயே நீடித்து, அவர் இறந்த 1799ஆம் ஆண்டுக்குப் பிறகே கம்பெனிக்குக் கிடைத்தது. ஆகவே, ஓவியர்கள் வந்தபோது அரசுகளின் எல்லைக்கோடு ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவே ஓடியது. இன்று தமிழ்நாடு – கர்நாடக எல்லை ஓசூருக்கு வடமேற்கே, சூசூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையில் அமைந்துள்ளது.

ஜெகதேவியையும் அதனை அடுத்த மலைக்கோட்டையையும் ஒரே படத்தில் காட்டியுள்ளனர். பாராமகால் என்ற பெயரே பன்னிரண்டு கோட்டைகளைக் குறிப்பதாகக் கூறுவர். வெட்டவெளியிலிருந்து திடீரென எழும் மொட்டைப் பாறைக் குன்றுகளே இந்நிலத்தின் இயல்பு. இங்கிலாந்தின் பசும் மேடுகளை வரைந்து பழகியவருக்கு அவை புதியவை. கரும்பாறையின் வழுவழுப்பையும் வெயிலில் வெளிறிய அதன் நிறத்தையும் மெல்லிய வண்ணப் பூச்சுகளால் காட்டியிருப்பது இவரது தேர்ச்சிக்குச் சான்றாகும்.

இப்படங்களில் அமைதியே நிலவுகிறது. படைகள் கடந்துசென்ற ஊர்களில் பாழான வயல்களும் இடம்பெயர்ந்த மக்களும் இருந்திருக்க வேண்டும். ஓவியங்களில் அவற்றுக்கு இடமில்லை. அக்காலத்து இங்கிலாந்தில் விரும்பப்பட்ட எழில்காட்சி ஓவிய மரபு சிதைந்த கோட்டையை அழகிய பொருளாகக் கண்டது. கட்டடங்களின் வடிவத்துக்கும் மலையின் உருவத்துக்கும் டேனியலின் படங்களை நம்பலாம். போரின் விளைவுகளை அறிய விரும்புவோர் 1792 முதல் பாராமகாலை நிருவகித்த அலெக்சாண்டர் ரீடு, அவரது உதவியாளர் தாமஸ் மன்றோ ஆகியோரின் வருவாய்த்துறை ஆவணங்களையே நாட வேண்டும்.

தமிழகத்தின் பிற பகுதிகள்

பாராமகாலிலிருந்து தெற்கே சங்ககிரி, திருச்சிராப்பள்ளி, மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றனர். பாபநாசம் அருவி, களக்காட்டின் அருகிலிருந்து தோன்றும் குமரிமுனை மலைகள், இராமேசுவரம் கோயில் வாயில், தஞ்சைப் பெரிய கோயிலும் அதன் நந்தியும், திருச்சி மலைக்கோட்டை, மதுரையில் திருமலை நாயக்கரின் அரண்மனை இடிபாடுகளும் புது மண்டபமும், மாமல்லபுரம் எனப் பல இடங்கள் இப்பயணத்தில் வரையப்பட்டன. 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பி, தீட்டிய ஓவியங்களை லாட்டரிச் சீட்டு முறையில் விற்றனர். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை, கறுப்பர் நகரம், பரங்கிமலைக்கு அருகிலுள்ள ஆர்மீனியப் பாலம் முதலியவற்றின் காட்சிகளையும் விட்டுச் சென்றுள்ளனர். பின்னர் பம்பாய் சென்று எலிபெண்டா, கார்லி முதலிய குகைகளை வரைந்தனர். 1794 செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பினர்.

ஓரியண்டல் சீனரி

இலண்டனில் ஹவ்லண்டு தெருவில் இவர்கள் அமைத்த பட்டறையிலிருந்து 1795 முதல் 1808 வரை ஆறு பகுதிகளாக இத்தொகுப்பு வெளிவந்தது. முழுத் தொகுப்பின் விலை 210 பவுண்டுகள். அக்குவாடின்ட் என்ற முறையில் இவை அச்சிடப்பட்டன. செப்புத் தகட்டின் மீது பிசின் பொடியைத் தூவிச் சூடாக்கி ஒட்டச் செய்து, அமிலத்தில் நனைத்து அரிக்கும்போது பொடித்துகள்களின் இடைவெளிகள் மட்டும் குழிகின்றன. அரிக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் நிழலின் ஆழத்தை மாற்றலாம். இதனால் அச்சுப் படத்தில் நீர்வண்ணப் பூச்சின் சாயல் கிடைக்கிறது. அச்சான பின் ஒவ்வொரு படத்துக்கும் கையால் வண்ணம் தீட்டினர்.

இவ்வேலையில் பெரும் சுமை வில்லியமின் தோளில் விழுந்தது. இந்தியாவிலிருந்து திரும்பிய பின் ஏழு ஆண்டுகள் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை உழைத்ததாக அவரே பிற்காலத்தில் நண்பர்களிடம் கூறியுள்ளார். முதற்பகுதியின் தலைப்புப் பக்கத்தில் தாமஸின் பெயர் மட்டுமே காணப்படுகிறது. 1807இல் வந்த பகுதியில் இருவர் பெயரும் உள்ளன. மாணவர் உடன் கலைஞராக ஏற்கப்பட்ட வளர்ச்சி இதில் தெரிகிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதையும் மறுக்க இயலாது. பல ஓவியங்களில் எவர் கை எது எனப் பிரிப்பது கலை வரலாற்றாளருக்கு இன்றும் கடினமாகவே உள்ளது.

பிற்கால வாழ்க்கை

தாமஸ் டேனியல் 1796இல் ராயல் அகாதமியின் இணை உறுப்பினராகவும் 1799இல் முழு உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராயல் சொசைட்டியும் இவரை உறுப்பினராக ஏற்றது. 1828 வரை இந்தியக் காட்சிகளைக் கொண்ட எண்ணெய் ஓவியங்களைத் தொடர்ந்து கண்காட்சிக்கு அனுப்பினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கூடாரத்தில் தீட்டிய நீர்வண்ணத் தாள்களே அவற்றுக்கு மூலம்.

இவரது படங்கள் இங்கிலாந்தின் கட்டடக் கலையிலும் தடம் பதித்தன. வாரன் ஹேஸ்டிங்ஸ் நினைவாக மெல்செட் பூங்காவில் இந்துக் கோயில் வடிவிலான ஒரு கட்டடத்துக்கு 1800இல் வடிவமைப்பு தந்தார். குளோஸ்டர்சயரிலுள்ள செசின்கோட் மாளிகையின் தோட்டத்தில் நந்திச் சிலைகள் அமர்ந்த பாலமும் சூரியன் கோயிலும் இவரது திட்டப்படி அமைந்தவை. பிரைட்டன் அரண்மனையின் இந்தியச் சாயலுக்கும் இப்படங்கள் தூண்டுதலாயின. பிரான்சின் சூபர் நிறுவனம் 1807இல் இவற்றைத் தழுவிச் சுவர்த்தாள் அச்சிட்டது. ஆங்கிலேயப் பீங்கான் தட்டுகளிலும் இக்காட்சிகள் இடம்பெற்றன.

வில்லியம் 1822இல் ராயல் அகாதமியின் முழு உறுப்பினரானார். பிரித்தானியக் கடற்கரையைச் சுற்றி வரைந்து 308 அக்குவாடின்ட் படங்களை வெளியிட்ட அவர், இந்தத் துறையில் ஆசிரியரையும் விஞ்சினார் எனலாம். வில்லியமின் தம்பி சாமுவேல் டேனியலும் ஓவியரே. இலங்கையின் காட்சிகளையும் விலங்குகளையும் வரைந்த அவர் 1811இல் அங்கேயே காலமானார்.

தாமஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாம் வளர்த்த வில்லியம் 1837இல் இறந்ததைக் கண்ட பின் மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, 1840 மார்ச் 19 அன்று இலண்டன் கென்சிங்டனில் காலமானார். கென்சல் கிரீன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவரது மூல நீர்வண்ணங்களில் பல இலண்டனில் பிரித்தானிய நூலகத்திலும் அரச பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்திலும் உள்ளன. எண்ணெய் ஓவியங்களின் பெரிய தொகுப்பு கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் உள்ளது. இவர் வரைந்த இராயக்கோட்டைக் கோட்டை இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஓசூரைச் சுற்றிய நிலமோ 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல் பெரிதும் மாறிவிட்டது. பழைய குன்றுகளில் சில கல் குவாரிகளாகிவிட்டன.