பரண் மேல் பதினோரு இரவுகள்
புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் கதை

தினைப்புனத்துப் பரண் மீது நின்று வள்ளி கிளி ஓட்டினாள். அங்கே வேடன் உருவில் வேலவன் வந்தான். இந்தக் கதையை அறியாத தமிழர் உண்டா?

சென்னையிலிருந்து திருப்போரூர் முருகனைத் தரிசிக்கப் போகிறவர்கள் படூரைத் தாண்டிப் போகிறார்கள். இன்று அந்தச் சாலையின் இருபுறமும் மாடிக் கட்டடங்கள். பரண் என்றால் என்ன என்று குழந்தைகளுக்குப் படம் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

வடநாட்டில் வேட்டைப் பரணுக்கு 'மச்சான்' என்று பெயர். நம் ஊர் மைத்துனர் என்று நினைத்துவிட வேண்டாம்! அந்த மச்சானில் உட்கார்ந்து உலகப் புகழ் பெற்றவர்தான் ஜிம் கார்பெட்.

போஸ்ட் மாஸ்டர் மகன்

1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, இமயமலை அடிவாரத்து நைனிடாலில் கார்பெட் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். ஜிம்முக்கு ஆறு வயது ஆவதற்குள் அவர் இறந்துவிட்டார். பெரிய குடும்பம், சிறிய வருமானம்.

காலாதுங்கிக் காடுதான் சிறுவனுக்குப் பள்ளிக்கூடம். எந்தப் பறவை எதைக் கண்டு கத்துகிறது, எந்த மான் எதற்காகக் கனைக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. வாலிப வயதில் ரயில்வே வேலைக்குப் போய், கங்கைக் கரையில் மோகாமே காட் என்ற இடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கண்டிராக்டை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை மேகிதான் கடைசி வரை துணை.

ஆட்கொல்லி வேட்டைக்கு அழைப்பு வந்தால், லீவு போட்டுவிட்டுப் புறப்படுவார். இரண்டு நிபந்தனைகள் மட்டும் போடுவார். வெகுமதி அறிவிப்பை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் காட்டை விட்டு வெளியேற வேண்டும். காசுக்காகச் சுடுபவன் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். அவசரக்காரன் துப்பாக்கிக்குப் பலியாகவும் அவர் விரும்பவில்லை!

முள் கட்டிய மரம்

பரண் கட்டுவது லேசான காரியம் அல்ல. மரம் மிருகம் வரும் வழியைப் பார்த்து இருக்க வேண்டும். கிளை ஆடக் கூடாது, கயிறு முனகக் கூடாது. வெட்டிய தழை வாடினால் மிருகம் சந்தேகப்படும். கயிற்றுக் கட்டிலைத் தூக்கி மரத்தில் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. கார்பெட்டோ பல நாள் வெறும் கிளையிலேயே உட்கார்ந்து இரவைக் கழித்தார்.

புலிக்கு உயரம் தடை. சிறுத்தைக்கு அதுவும் கிடையாது, மரம் ஏறிவிடும். 1910-ல் பனார் என்ற இடத்துச் சிறுத்தையைத் தேடிப் போனபோது, அது நானூறு பேரைக் கொன்றிருந்தது. மரத்தைச் சுற்றி முள் கிளைகளை இறுகக் கட்டச் சொல்லி, நடுவில் அமர்ந்தார் கார்பெட். எதிரே ஓர் ஆடு. இருட்டியதும் சிறுத்தை வந்தது. ஆட்டை நோக்கி அல்ல, அவரை நோக்கி! பின்புறமாக வந்து, முள் கிளைகளைப் பல்லால் கடித்து இழுத்தது. அந்த முள் கட்டு அவிழ்ந்திருந்தால் கார்பெட்டின் கதை அன்றே முடிந்திருக்கும்.

முள் அசையவில்லை. அலுத்துப்போன சிறுத்தை ஆட்டின் மீது பாய்ந்தது. அந்தக் காரிருளில் உத்தேசமாகச் சுட்டார். காயம் பட்ட சிறுத்தையை அன்றிரவே பந்த வெளிச்சத்தில் தேடிப் போய் வீழ்த்தினார்.

யாத்திரை வழியில் எமன்

ருத்ரபிரயாகை! கேதாரத்துக்கும் பத்ரிக்கும் போகும் வழி பிரியும் இடம். அங்கே 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. அந்தி சாய்ந்தால் கதவுகள் சாத்தப்படும். தெற்கேயிருந்து போன யாத்ரிகர்களும் அந்த வழியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்கள்.

1925-ல் கார்பெட் வந்தார். அலகநந்தாவின் தொங்கு பாலத்தைச் சிறுத்தை கடக்கும் என்று எதிர்பார்த்து, ஆட்டம் காணும் மூங்கில் ஏணியில் ஏறி, பாலத்துக் கோபுரத்தின் உச்சியில் இருபது இரவுகள் உட்கார்ந்தார். பாலத்தைக் கடந்தது ஒரே ஒரு நரி!

மறு ஆண்டு மறுபடி வந்தார். கோலாப்ராய் யாத்ரிகர் சத்திரத்தின் அருகே ஒரு மாமரத்தில் பரண் கட்டி, கீழே கழுத்தில் மணி கட்டிய ஆட்டை விட்டார். பத்து இரவுகள் வீணாயின. பதினோராம் இரவு மணி கலகலத்தது. துப்பாக்கியில் பொருத்திய டார்ச்சை அழுத்தினார்; சுட்டார். உடனே டார்ச் அணைந்துவிட்டது. விடியும் வரை, குறி தப்பியதா இல்லையா என்று தெரியாமலே காத்திருந்தார். விடிந்ததும் பார்த்தால், சரிவில் ஒரு குழியருகே ஆட்கொல்லி செத்துக் கிடந்தது.

ஒரு தவறு

கார்பெட்டும் தவறு செய்ததுண்டு. சௌகட் புலியை வேட்டையாடியபோது, தாய்க்குப் பதிலாக அதன் வளர்ந்த குட்டியைச் சுட்டுவிட்டார். தாய் தப்பியது. 1930 ஏப்ரலில் அதை வீழ்த்தும் வரை மேலும் பலர் பலியானார்கள். அந்தக் கணக்கை அவர் மறைக்கவில்லை. புத்தகத்திலேயே எழுதி வைத்தார்.

ஆட்கொல்லிகளை ஆராய்ந்த அவருக்கு ஓர் உண்மை புரிந்தது. புலி பிறக்கும்போதே கொலைகாரன் அல்ல. அரைகுறை வேட்டைக்காரனின் குண்டுக் காயம், முள்ளம்பன்றி முள், கிழப்பருவம் இவையே அதை மனிதனிடம் துரத்துகின்றன. துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு காமிராவைத் தூக்கினார். 1936-ல் குமாவுன் காட்டில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையத் துணை நின்றார். அவர் மறைவுக்குப் பின் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

கடைசிப் பரண்

1947-ல் தமக்கையுடன் ஆப்பிரிக்காவின் கென்யாவுக்குக் குடியேறினார். 1952 பிப்ரவரி 5-ஆம் தேதி, அங்கே அத்தி மரத்தின் மேல் கட்டிய 'ட்ரீ டாப்ஸ்' விடுதிக்கு இளவரசி எலிசபெத் வந்தார். 76 வயதுக் கார்பெட் கூட இருந்து வன விலங்குகளைக் காட்டினார். இரவில் ஏணியின் உச்சியில் காவல் இருந்தார். அந்த இரவில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். இளவரசியாக மரம் ஏறியவர், ராணியாக இறங்கினார்!

1955 ஏப்ரல் 19-ஆம் தேதி நியேரியில் கார்பெட் கண் மூடினார். 1972-ல் இந்தியாவில் வன விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி வேட்டைப் பரண்களின் காலம் முடிந்தது.

காலமெல்லாம் சுடுவதற்காக மரம் ஏறிய மனிதர், கடைசியில் காப்பதற்காக மரம் ஏறினார். வள்ளியின் பரணும் காவலுக்குக் கட்டியதுதானே!