தஞ்சை சரபோஜி மன்னர்

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலை வலம்வரும் அன்பர்கள், தென்மேற்கில் விளங்கும் கணபதி சந்நிதியை அடைந்ததும், அதனையடுத்த திருச்சுற்றுச் சுவரில் நீண்டு செல்லும் மராத்திக் கல்வெட்டினைக் காண்பர். போன்சலே மரபின் வரலாற்றைக் கூறும் அக்கல்வெட்டு 1803-ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்றது. பொறிப்பித்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அக்கணபதி சந்நிதியைப் புதுப்பித்தவரும் அவரே. தம் முன்னோர் ஆண்ட வரலாற்றை அத்துணை விரிவாகக் கல்லில் ஏற்றிய காலத்தில், அவர்தம் ஆட்சிக்கு உரியதாக எஞ்சியிருந்தது தஞ்சைக் கோட்டையும் அதன் சூழலுமே.

மன்னர் 1777-ஆம் ஆண்டில் போன்சலே குலத்தின் வேறொரு கிளையில் தோன்றியவர். மகப்பேறின்றி வருந்திய துளஜா மன்னர் 1787-இல் அவரைத் தத்துப் புத்திரராக ஏற்று, சுவார்ட்ஸ் பாதிரியாரின் பாதுகாப்பில் ஒப்புவித்து, அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். துளஜாவின் சகோதரர் அமர்சிங் தத்து செல்லாது என வழக்கிட்டார். பிள்ளை தன் தந்தைக்கு ஒரே மகன், தத்துக்குரிய வயதும் கடந்தவன் என்று பண்டிதர்கள் தீர்ப்புரைக்க, கம்பெனியார் அமர்சிங்கை அரியணையில் அமர்த்தினர். அரண்மனையில் இளைஞர் அடைபட்டுத் துன்புற்றார். 1793-இல் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பெற்று, அங்கே ஆங்கிலமும் மேலைநாட்டுக் கலைகளும் பயின்றார். பின்னர் வேறு பண்டிதர்கள் அதே தத்து செல்லும் என்றனர்; 1798-இல் சரபோஜி முடிசூடினார். சாஸ்திரம் ஒன்றாயிருக்கத் தீர்ப்பு இரண்டானது எங்ஙனம் என்பதற்கு விடை ஏட்டிலில்லை. அடுத்த ஆண்டு எழுதப்பெற்ற உடன்படிக்கையில் இருக்கிறது.

1799-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் கையொப்பமான அவ்வுடன்படிக்கையால், காவிரி பாயும் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுதும் கம்பெனியார் வசமாயிற்று. மன்னருக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் குறிக்கப்பெற்றன. பட்டம் வேண்டி நாட்டைக் கொடுத்தார் என்று அவரைப் பழிப்போர் உளர். கம்பெனியாரின் தயவாலேயே அரியணை ஏறிய இருபத்திரண்டு வயது இளைஞர் மறுத்திருப்பின் பட்டமும் போயிருக்கும், நாடும் மீண்டிராது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆனால் அறத்தின் பொருட்டு வாய்திறக்க அவர் அஞ்சினாரில்லை. இராமேசுவர யாத்திரைப் பாதையில் அவர்தம் முன்னோர் அமைத்த சத்திரங்களின் நிலைமை கேள்விக்குரியதானபோது, 1801-இல் ரெசிடெண்டு டோரினுக்கு விரிவான கடிதம் ஒன்று விடுத்தார். அச்சத்திரங்களில் எல்லாச் சாதியாருக்கும் அன்னமிடப்படுவதையும், நோயுற்றோர் மருத்துவம் பெறுவதையும், பிள்ளைகள் கல்வி கற்பதையும் எடுத்துரைத்து, அவை குறைவுபடலாகாது என வேண்டினார். அடுத்த ஆண்டு ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தைத் தாமே எழுப்பினார்.

பாதிரியாரிடம் வளர்ந்தும் மன்னர் தம் குலச்சமயத்தினின்றும் வழுவவில்லை, நன்றியும் மறக்கவில்லை. சுவார்ட்ஸ் மறைந்தபின் அவருக்குச் சலவைக்கல் நினைவுச் சின்னம் ஒன்றை இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்தார். அதே கையால் திருக்கோயில் பணிகளையும் புரிந்தார். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் அவர்தம் அவைக்களப் புலவராய் விளங்கினார். தேசிகர் பாடிய சரபேந்திர பூபால குறவஞ்சி, பெரிய கோயில் திருவிழாவில் நெடுங்காலம் ஆடப்பெற்று வந்தது.

நாயக்கர் காலத்தில் தோன்றிய ஏட்டுத் தொகுதியைப் பெருநூலகமாக வளர்த்தவர் அவரே. 1820-இல் ஏறத்தாழ மூவாயிரம் பேர் சூழக் காசியாத்திரை புறப்பட்ட மன்னர், புண்ணிய தீர்த்தங்களில் நீராடியதோடு அமையாது, வடமொழிச் சுவடிகளையும் திரட்டி வந்தார். மேலைநாட்டு நூல்களை வரவழைத்து அவற்றில் தம் கையொப்பமிட்டுப் பயின்றார். தன்வந்திரி மகாலில் மருந்துகள் ஆராயப்பெற்றன. அனுபவத்தில் தேர்ந்த முறைகள் தமிழ்ச் செய்யுளில் யாக்கப்பெற்றுச் சரபேந்திர வைத்திய முறைகள் எனப் பெயர்பெற்றன. கண்ணோயுற்றோர்க்குச் செய்த சிகிச்சையின் குறிப்புகளும் கண்களின் வண்ணப் படங்களும் இன்றும் அந்நூலகத்தில் உள. தேவநாகரி அச்செழுத்துக்களுடன் அச்சுக்கூடமும் நிறுவினார். ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதைக் கொண்டாடக் கடற்கரையில் மனோரா எழுப்பியதும் அவரே. அது காலத்தின் கட்டாயம் போலும்.

1832-ஆம் ஆண்டு மார்ச்சு 7-ஆம் நாள் மன்னர் சிவபதம் எய்தினார். மகனார் சிவாஜி 1855-இல் ஆண்வாரிசின்றி மறையவே, எஞ்சிய பட்டத்தையும் கம்பெனியார் எடுத்துக்கொண்டனர். சரசுவதி மகால் நூலகம் 1918-இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பெரிய கோயில் உள்ளிட்ட 88 திருக்கோயில்கள் தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானம் என்னும் பெயரால், அம்மரபினரைப் பரம்பரை அறங்காவலராகக் கொண்டு வழிபாடு பெற்று வருகின்றன.