கை கழுவச் சொன்னவரைக் கை கழுவிய கதை

மெஸ்ஸுக்குள்ள நுழையும்போது குழாயில கையைச் சும்மா நனைச்சிட்டு, ஜீன்ஸ்ல துடைச்சிட்டு, தட்டைத் தூக்குற ஆளா நீங்க? நானும் அப்படித்தான், மூணு வருஷமா. இவரைப் பத்திப் படிச்ச பிறகுதான் பையில ஒரு சோப்பு டப்பா வந்திருக்கு.

இவர் பேர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1818-ல், இன்றைய புடாபெஸ்ட்டின் ஒரு பகுதியான புடாவில் பிறந்தார். சட்டம் படிக்க வியன்னா போய், மருத்துவத்துக்கு மாறிவிட்டார். (டிபார்ட்மென்ட் மாற ஆசைப்பட்டு முடியாமப் போன நம்ம மக்கள் பெருமூச்சு விட்டுக்கலாம்.) 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவர் ஆனார்.

அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். முதல் வார்டு மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற, இரண்டாவது மருத்துவச்சிகள் பயிற்சி பெற. அந்த வருஷம் முதல் வார்டில் பிரசவக் காய்ச்சலால் 100 தாய்மாரில் 11 பேர் செத்துப் போனார்கள். இரண்டாவதில் 3 பேர்கூட இல்லை. ஊருக்கே இது தெரியும். முதல் வார்டு வேண்டாம்னு பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். வழியில, தெருவிலேயே பிள்ளை பெற்றவர்கள்கூட அதிகம் பிழைத்தார்கள்!

நாம ஓடாத சர்க்யூட்டை ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பார்ப்போமே, அவரும் அதைத்தான் செய்தார். கூட்டம் காரணமா? இரண்டாவது வார்டில்தான் கூட்டம் ஜாஸ்தி. பிரசவத்தில் படுக்கும் முறையா? மாற்றினார், பலனில்லை. சாகக் கிடப்பவருக்காக மணியோடு வரும் பாதிரியாரைப் பார்த்த பயமா? மணியை நிறுத்தினார். சாவு நிற்கவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் டாக்டர் கொல்லெட்ச்கா இறந்தார். பிணப் பரிசோதனையில் ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் குத்திவிட்டது, அவ்வளவுதான். அவர் உடலைப் பரிசோதித்த அறிக்கையைப் படித்தபோது செம்மல்வைஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தாய்மார்களின் உடலில் பார்த்த அதே அறிகுறிகள். மாணவர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதே இல்லை.

இங்க கொஞ்சம் நில்லுங்க. காரணத்தைக் கண்டுபிடிக்கணும்னு தினமும் பிணங்களை அறுத்துக்கொண்டிருந்தவர் யார்? அவரேதான். தன் கையால் எத்தனை பெண்கள் போனார்கள் என்ற கணக்கு கடவுளுக்குத்தான் தெரியும் என்பதைப் பிறகு தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதினார். எனக்கு இந்த மனுஷனைப் பிடிச்சுப் போனது இந்த இடத்தில்தான்.

மே மாதம் வார்டில் குளோரின் சுண்ணாம்புக் கரைசல் வைத்தார். வேற ஒண்ணும் இல்ல, நம்ம தெருவுல தூவுற ப்ளீச்சிங் பவுடர்தான். கிருமி பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. கையிலிருந்து பிண நாற்றம் போகிறதே, அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார். ஏப்ரலில் 100-க்கு 18 ஆக இருந்த சாவு ஜூனில் 2 ஆனது. 1848-ல் இரண்டு மாதங்கள் ஒரு சாவுகூட இல்லை.

இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? ஆனா தங்கள் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்ளப் பெரிய டாக்டர்கள் பலருக்கு மனசு வரவில்லை. இவர் பக்கமும் தப்பு இருக்கு. அவுட்புட் வந்த பிறகும் ரிப்போர்ட் எழுதாத நம்ம ப்ராஜெக்ட் டீம் மாதிரி இழுத்தடித்தார். புத்தகம் வந்தது 1861-ல், 14 வருஷம் கழித்து! 1849-ல் வேலையை நீட்டிக்கவில்லை. அடுத்த வருஷம் நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் பெஸ்ட் நகருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு மருத்துவமனையில் 933 பிரசவங்களில் 8 சாவுகள் மட்டுமே. அப்பவும் பலர் நம்பலை. எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டி, பகிரங்கக் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார்.

1865-ல் மனநிலை குலைந்தது. நண்பர் ஒருவரே வியன்னாவின் மனநலக் காப்பகத்துக்கு அழைத்துப் போய் விட்டார். வெளியேற முயன்றபோது காவலாளிகள் அடித்தார்கள். இரண்டே வாரம். ஆகஸ்ட் 13 அன்று, 47 வயதில், ரத்தத்தில் நஞ்சேறி இறந்தார். அதற்கு முந்தைய நாள்தான் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர், கால் உடைந்த ஒரு சிறுவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டியிருந்தார்.

செம்மல்வைஸின் உடலை வியன்னா பொது மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள்.