கெப்ளருக்கு எது உச்சம்?

2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்பினப்போ 'பெரிஜி', 'அப்போஜி'ன்னு ரெண்டு வார்த்தை அடிக்கடி காதில் விழுந்திருக்கும். முதல் சுற்றுப்பாதையில் பூமிக்கு மிகப் பக்கத்தில் சுமார் 170 கிலோமீட்டர். மிகத் தூரத்தில் சுமார் 36,500 கிலோமீட்டர். அந்தத் தூரப் புள்ளிதான் அப்போஜி. ஆங்கிலத்தில் அதுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: ஒருத்தர் புகழின் உச்சியில் இருந்தா, அவர் 'அப்போஜி'யில் இருக்கார்னு எழுதுவாங்க. நம்ம நாட்டுப் பழைய வானியலும் அந்தத் தூரப் புள்ளியை 'மந்தோச்சம்'னுதான் சொல்லுது. மந்தம், உச்சம். அந்த 'மந்தம்' ஏன்னு கடைசியில் பார்ப்போம்.

சூரியனைச் சுற்றுகிற கோளின் தூரப் புள்ளிக்கு 'அப்ஹீலியன்'னு பெயர் வெச்சவர் ஜோகன்னஸ் கெப்ளர். எல்லாம் பூமியைச் சுற்றுதுன்னு நம்பின காலத்துச் சொல் அப்போஜி. அதில் பூமியை எடுத்துட்டு சூரியனை வெச்சார், அவ்வளவுதான். ஆனா அந்தச் சின்ன மாற்றத்துக்குப் பின்னாடி ஒரு முழு வாழ்க்கை இருக்கு.

1571 டிசம்பர் 27, ஜெர்மனியின் வைல் டெர் ஷ்டாட் ஊரில் பிறந்தார். சின்ன வயசில் அம்மை வந்து பார்வை மங்கிப்போச்சு. அப்பா கூலிப்படை வீரர். ஒருமுறை போனவர் திரும்பவே இல்லை. மதபோதகர் ஆகணும்னு படிச்ச பையனை, படிப்பு முடியறதுக்குள்ளேயே 1594ல் கிராட்ஸ் நகரத்துக்குக் கணக்கு வாத்தியாரா அனுப்பிட்டாங்க. முதல் வருஷம் வகுப்பில் சில பேர். அடுத்த வருஷம் ஒருத்தர்கூட இல்லை!

1600ல் மதம் மாற மறுத்ததால் கிராட்ஸை விட்டு வெளியேத்தினாங்க. பிராகாவில் டைகோ பிராஹேவிடம் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே டைகோ இறந்துபோக, கெப்ளர் பேரரசரின் கணிதவியலாளர் ஆனார். பதவியை வெச்சுப் பார்த்தா அதுதான் அவரோட உச்சம். ஆனா சம்பளம் ஒழுங்கா வரலை.

டைகோ விட்டுப்போன செவ்வாய்க் கோள் அளவீடுகளை வெச்சு வருஷக்கணக்கா கணக்குப் போட்டார். எழுபது தடவையாவது திரும்பத் திரும்பப் போட்டு ஒரு வட்டப்பாதையைக் கொண்டுவந்தார். அதிலும் 8 ஆர்க்மினிட் பிழை. முழுநிலா அகலத்தில் நாலில் ஒரு பங்குதான். நம்ம லேப் ரெக்கார்டா இருந்தா 'எக்ஸ்பெரிமெண்டல் எரர்'னு எழுதி மூடியிருப்போம். டைகோ அவ்வளவு தப்பா அளந்திருக்க மாட்டார்னு நம்பி, கெப்ளர் அந்த வட்டத்தையே தூக்கிப் போட்டார். நீள்வட்டம் வந்தது. 1609ல் புத்தகமும் வந்தது.

1611ல் எல்லாம் சரிஞ்சது. ஆறு வயசு மகன் இறந்தான், மனைவியும் இறந்தாங்க. பிராகாவில் பேரரசரின் அதிகாரமும் போச்சு. அடுத்த வருஷம் லின்ஸுக்குப் போனார். 1615ல் அவரோட அம்மா கத்தரீனா மேல சூனியக்காரின்னு குற்றச்சாட்டு. 1618 பிப்ரவரியில் ஒரு மகள் இறந்தாள். அதே வருஷம் மே 15ல் மூன்றாம் விதி அவர் கையில் இருந்தது: சுற்றுக்காலத்தின் இருமடி, சராசரித் தூரத்தின் மும்மடிக்கு நேர்விகிதம்.

1620ல் எழுபது வயசைத் தாண்டின அம்மாவைக் கைது பண்ணி, பதினாலு மாசம் சங்கிலியில் வெச்சாங்க. கெப்ளர் வேலையை விட்டுட்டுப் போய், வழக்குக்கான எதிர்வாதத்தைத் தானே கவனிச்சார். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டியும் அம்மா ஒத்துக்கலை. 1621ல் விடுதலை. ஆறே மாசத்தில் இறந்துட்டாங்க.

வரவேண்டிய பணத்தைக் கேட்க ரீகன்ஸ்பர்க் போன இடத்தில், 1630 நவம்பர் 15ல் கெப்ளரும் இறந்தார். முப்பதாண்டுப் போரில் அவரோட கல்லறையும் அழிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் நவம்பர் 7, பாரிஸில் கசெண்டி சூரியன் மேல ஒரு சின்னக் கரும்புள்ளி நகர்றதைப் பார்த்தார். கெப்ளர் முன்கூட்டியே கணிச்ச புதன் கடப்பு அது.

இப்போ 'மந்தம்' விஷயத்துக்கு வருவோம். கெப்ளரின் இரண்டாம் விதிப்படி, தூரப் புள்ளியில்தான் கோள் மிக மெதுவா நகரும். பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் விநாடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்தில் போகுது. ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில் 29.3 தான். அங்கே அது நிற்கறதும் இல்லை, பாதையை விட்டு விலகறதும் இல்லை. சூரியனின் இழுப்பு அங்கேயும் இருக்கு; அதுதான் பூமியைத் திருப்பிக் கொண்டுவருது.

அதனால, அரியர் வெச்ச செமஸ்டரில் ஃப்ரெண்டோட பேக்கேஜைப் பார்த்து 'அவன் உச்சத்தில் இருக்கான், நான் எங்கேயோ கிடக்கேன்'னு தோணுச்சுன்னா, லின்ஸில் கணக்குப் போட்டுட்டு இருந்த இந்த மனுஷனைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அவரோட உச்சம் பிராகா பதவியா, 1618 மே மாசமா? பதிலை நீங்களே சொல்லுங்க.