ஸ்னூக்கர் சீசனின் கடைசிக் கோப்பை: ஜோ டேவிஸ் யார்?
ஸ்னூக்கர் சீசன் ஷெஃபீல்டில் உலக சாம்பியன்ஷிப்போடு முடிவதைப் பார்த்திருப்பீங்க. சாம்பியன் தூக்கும் அந்த வெள்ளிக் கோப்பை 1927-ல் வாங்கியது. அதுவும் டிக்கெட் வசூலில் ஒரு பங்கை எடுத்து! அந்த முதல் போட்டி நடக்க முக்கியக் காரணம், 1901-ல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் பிறந்த ஜோ டேவிஸ். பில்லியர்ட்ஸுக்குத்தான் அப்போது மவுசு. ஜெயித்ததும் அவரே, கைக்கு வந்தது ஆறரை பவுண்டு.

1946 வரை நடந்த 15 சாம்பியன்ஷிப்பும் அவருக்கே. தோற்காமலே விலகினார். சிக்கல் அங்கேதான். விலகிய பிறகும் மற்ற போட்டிகளில் ஆடினார். 1955-ல் முதல் அதிகாரபூர்வ 147-ம் அவருடையது. அவர் இல்லாத சாம்பியன்ஷிப்பை யார் மதிப்பாங்க? 1958 முதல் 1963 வரை அது நடக்கவே இல்லை.

1978-ல் 64 வயதுத் தம்பி ஃப்ரெட் ஷெஃபீல்டில் அரையிறுதி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜோவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஜூலையில் இறந்தார்.